பூட்டிய கந்தோரில் போட்ட திறப்பு

ஹரோ, லண்டன்
25-01-2004

அன்புத் தங்கச்சி றெஜினாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் மச்சாள் ஜொய்சியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. என் சீனி வருத்தம் உன் வீட்டுச் சோற்றில் கொஞ்சம் ஏறிவிட்டது. உன் பிரஷர் எப்படி? மகள் றோஸ்மேரி படிக்கிறாளா?

அம்மாவின் ஆண்டுப் பூசையை நீ குறைவில்லாமல் செய்தாய். அதை நான் இங்கே எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் மொன்ட்ரியால் செயின்ட்-மிஷேலில் அந்த வீட்டில் நீங்கள் எப்படித்தான் காலம் கழிக்கிறீர்களோ. இரும்புப் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைத்து, அதன் மேல் பனியைக் கொட்டவிட்டு, பிறகு கர்த்தரே என்று பிடித்துக்கொண்டு ஏறுவது! முதல் நான்கு நாளும் நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பேராசிரியர் உருத்திரமூர்த்தி வீட்டில் தங்கியதற்கு நீ கோபிக்கக் கூடாது. ஆற்றைப் பார்த்த வீடு. மனுஷர் கதைக்கிற கதை.

விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக் கார் கந்தோரிலிருந்து டெலிபோன் வந்தது. கார் முற்றத்தில் நிற்கிறதாம், அதைத் திறக்கத் திறப்பை இரண்டு நாள் காணவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கந்தோர் பூட்டு, காரை நிறுத்திப் பூட்டிவிட்டுச் சுவரிலுள்ள பெட்டியின் ஓட்டைக்குள் திறப்பைப் போட வேண்டும் என்று உன் மனுஷனுக்கு விளக்கமாகச் சொல்லித்தான் விமானம் ஏறினேன். அருமைராசா அதை எங்கே போட்டார்? அவர் காரை ஓட்டியதே மன்னார்க் கடலில் தோணி விடுவது போலத்தான் இருந்தது. பனியில் ஓடி எனக்குப் பழக்கமில்லை என்றபடியால் பொறுத்துக்கொண்டேன்.

கேட்டு எழுது. டெலிபோனில் என்றால் நீ ‘ஓம், ஓம்’ என்பாய், பிறகு ஒன்றும் நடக்காது.

மாதா உங்களைக் காப்பாளாக.
அன்பு அண்ணன்,
அன்டன்

*

மொன்ட்ரியால்
08-02-2004

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். சீனிக்குக் குளிசையை விடாமல் போடுங்கள். மச்சாளுக்கு நல்லெண்ணெய் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திறப்பைப் பெட்டிக்குள்தான் போட்டார். உள்ளே விழுந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பிரஷர் பரவாயில்லை. இவருக்குக் கொஞ்சம் சுகமில்லை, வேலைக்குப் போகவில்லை. குளிர் இன்னும் விடவில்லை. நிறைய எழுத நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றெஜினா

*

ஹரோ
20-02-2004

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் கடவுள் கிருபையில் இருக்கிறோம். நல்லெண்ணெய் பூசி ஜொய்சி வழுக்கி விழப் பார்த்தாள். அந்த வைத்தியம் இனி வேண்டாம்.

கந்தோர்க்காரன் இப்போது கடிதமே போட்டுவிட்டான். பெட்டியின் மூடி உடைந்திருக்கிறதாம், ஓட்டையைச் சுற்றிச் சுரண்டியிருக்கிறதாம், திறப்பு பெட்டிக்குள்ளே பின்பக்கத்தில் சிக்கிக் கிடந்ததாம். யாரோ பெட்டியை உடைத்துக் களவெடுக்கப் பார்த்ததாகவே முதலில் நினைத்தார்களாம். என் பெயரைத் தங்கள் புத்தகத்தில் எழுதிவிட்டார்களாம், இனி எங்கள் கார் உனக்கில்லை என்று. முப்பது வருடம் இந்த நாட்டில் ஒருவரிடம் ஒரு சொல் வாங்காதவன் நான். கோயில் பங்குச் சபையின் உபதலைவன். என் பெயர் ஒரு கார்க்கடைப் புத்தகத்தில்!

ஓட்டை இருந்தது. திறப்பு இருந்தது. ஓட்டைக்குள் திறப்பைப் போட வேண்டியதுதான் வேலை. குழந்தைப்பிள்ளை செய்யும். உன் மனுஷன் மூடியை உடைத்துவிட்டு வருகிறார். அம்மா இருந்த காலத்தில் நான் இவரை வேண்டாம் என்றபோது எல்லோரும் என்னைத்தான் திட்டினீர்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஒரு நன்மை நடந்தது. போன சனி பங்கு விருந்தில் இந்தக் கதையைச் சொன்னேன். எங்கள் கோயில் வின்சன்ட் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தான். இப்போது இங்கே யாராவது ஒரு வேலையைக் குழப்பினால் ‘அருமைராசாவின் ஓட்டை’ என்று சொல்கிறார்கள்.

தடிமன்தானே அவருக்கு? இஞ்சி அவித்துக் கொடு. மூன்று கிழமை வேலைக்குப் போகாமலிருக்க அது என்ன தடிமனோ.

சமாதானம் உண்டாகட்டும்.
அன்டன்

*

மொன்ட்ரியால்
14-03-2004

அண்ணைக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியதை நான் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கந்தோர்க்காரர் கேட்பது எதுவென்றாலும் இங்கே அனுப்பிவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த விஷயத்தைப் பற்றி இனி எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மச்சாளுக்கு என் அன்பு.
றெஜினா

*

ஹரோ
18-04-2004

தங்கச்சி றெஜினாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் உங்களுக்கு. பெரியவெள்ளிக்கு நான்கு தரம் டெலிபோன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் தரம் உன் மகள் எடுத்து, “அம்மா ஹொஸ்பிட்டல்ல” என்றாள். உனக்கா வருத்தம் என்று கேட்டேன். “இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிரெஞ்சு படித்தால் தாய்மாமனோடு இப்படித்தான் கதைக்க வேண்டுமா?

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் விட்டால் என் பெயர் அந்தப் புத்தகத்தில் கிடக்கும். ஒரு தாள் இத்துடன் இருக்கிறது. மூடியை உடைத்தது தானே என்று உன் மனுஷன் சொல்வதாகவும், எனக்கு அதில் சம்பந்தமில்லை என்றும் இங்கிலீஷில் நானே எழுதிவிட்டேன். அருமைராசா வாசிக்கத் தேவையில்லை, வாசித்தாலும் விளங்காது. கீழே கையெழுத்து மட்டும் வைத்து அனுப்பட்டும். ஒரு நிமிஷ வேலை. பெட்டியை உடைக்கத் தெரிந்த கைக்கு ஒரு பேனா பிடிக்கத் தெரியாதா?

உன் பிரஷரைக் கவனி.
அன்டன்

*

மொன்ட்ரியால்
02-05-2004

அண்ணைக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இவரால் கையெழுத்து வைக்க முடியாது.

றெஜினா

*

ஹரோ
15-05-2004

றெஜினாவுக்கு,

சுகம் கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் நான் எங்கள் அம்மாவிடம் வளர்ந்தவன் என்றபடியால் கேட்கிறேன்: எல்லோரும் சுகமா?

முடியாதா, மாட்டாரா? இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முடியாது என்பதற்கு அவருக்குக் கை இல்லையா? வீம்பு. வேறொன்றும் இல்லை. துணி வெட்டுகிற ஒரு தொழிற்சாலைக்காரனுக்கு இவ்வளவு வீம்பு எங்கிருந்து வந்ததோ. உருத்திரமூர்த்தியும் அன்றைக்கே சொன்னார், உங்கள் ஆள் கொஞ்சம் முறைப்பானவர் போல என்று.

வின்சன்ட் அடுத்த மாதம் மொன்ட்ரியாலுக்கு வருகிறான், அவனுடைய மைத்துனி மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள். உங்கள் கோயிலுக்கும் வருவான். அவனிடமாவது கையெழுத்து வைத்த தாளைக் கொடுத்துவிடச் சொல்லு. இன்னொரு பிரதி இதற்குள் இருக்கிறது.

அன்டன்

*

மொன்ட்ரியால்
20-06-2004

அன்டன் அண்ணைக்கு,

நாங்கள் சுகமில்லை. ஜனவரியிலிருந்து சுகமில்லை. உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் நான் அதை மூடி மூடி எழுதினேன். இவர்தான் சொல்ல விடவில்லை. இன்றைக்கு இவரைக் கேளாமல் எழுதுகிறேன்.

போன ஞாயிறு அந்தோனியார் திருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் வின்சன்ட் வந்தார். ஐம்பது பேருக்கு நடுவில் இவரைத் தேடிப் பிடித்து, “அருமை அண்ணை எண்டால் நீங்கள்தானே? ஓட்டைக்குள்ள திறப்பைப் போடத் தெரியாத ஆள்!” என்று சத்தமாய்ச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இவர் சட்டைப் பொக்கற்றிலிருந்து வலக்கையை எடுத்துக் கொடுத்தார். வின்சன்டின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பிடித்த கையில் பெருவிரலும் சின்னவிரலும்தான் இருந்தன.

“என்ன அண்ணை நடந்தது?” என்று கேட்டார்.

“ஓட்டை கொஞ்சம் சின்னனாயிருந்தது தம்பி,” என்றார் இவர். பிறகு அவருக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

என்ன நடந்தது என்று உங்களுக்கும் சொல்கிறேன். அன்றைக்கு உங்களை டோர்வல் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு இவர் சென்ட்-ஆன் வரை போனார். காரை எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு கந்தோரில் எடுத்துத் தரவா என்று இவர் முதலே கேட்டார். பேராசிரியர் சொன்ன இடம்தான் நல்லது என்றீர்கள். இந்த வருடத்தின் மிக மோசமான குளிர் அது. கந்தோரில் ஒரு சனம் இல்லை. காரைப் பூட்டினார், திறப்பை ஓட்டையில் வைத்தார். உள்ளே பனி உருகி உறைந்து கட்டியாய்க் கிடந்தது. திறப்பு பாதி போய் இறுகிவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதனால் காருக்குள் திரும்பிப் போய் இருக்கவும் வழியில்லை.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். நானாயிருந்தால் வந்திருப்பேன். ஆனால் நீங்கள் விமான நிலையத்து வாசலில் பெட்டியை இறக்குகிறவர்கள் பார்க்கப் பார்க்க இவரிடம் என்ன சொன்னீர்கள்? “திறப்பு உள்ளுக்க விழுற சத்தம் கேக்காமல் வெளிக்கிடாதையும். உம்மட வழக்கமான வேலையை என்ர பேரில காட்டாதையும்.” அந்தச் சத்தம் கேட்கும்வரை நின்றார். தடித்த கையுறையோடு திறப்பைப் பிடிக்க முடியவில்லை, கழற்றினார். ஊதி ஊதிப் பனியை உருக்கினார், விரலால் சுரண்டினார். கை நனைந்தது, கையுறையும் நனைந்தது. கடைசியில் முழங்கையால் இடித்தபோது மூடி உடைந்து திறப்பு விழுந்தது. சத்தம் கேட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு நின்றார், அது வரவேயில்லை. கையில் உணர்ச்சி போய்விட்டது என்று இவருக்கு விளங்கியது. பேராசிரியர் வீடு அந்த ஒழுங்கையில்தான். விளக்கு எரிந்தது. இவர் படலை வரை போனார், தட்டாமல் திரும்பிவிட்டார்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கக் கூடாத ஆள் நீங்கள்தான். அதற்குப் பத்து நாளைக்கு முன் உங்களைக் கூட்டிவர இவர் பஸ் மாறி மாறி அந்த வீட்டுக்கு வந்தார். பனியில் கார் ஓட்ட உங்களுக்குப் பயம், அதற்குத்தான் வந்தார். பேராசிரியர் “இவர் யார்?” என்று கேட்டபோது, “சூட்கேஸ் தூக்க ஒரு ஆள்” என்றீர்கள். தங்கச்சியின் புருஷன் என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை. சப்பாத்தோடு வாசலில் நின்ற மனுஷனை உள்ளே வாரும் என்று யாரும் சொல்லவுமில்லை. சூட்கேஸ் தூக்க வந்த ஆள் இராத்திரியில் போய் யார் என்று சொல்லிக் கதவைத் தட்டுவது?

பெரிய றோட்டில் நடந்துகொண்டிருந்தவரைப் பனி வழிக்கிற லொறிக்காரர் ஒருவர் கண்டு ஏற்றினார். ஹெயிட்டி நாட்டு மனுஷன், பெயர் வில்னேர். தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாளும் வந்து பார்த்தார். விரல்கள் முதலில் வெள்ளையாய் இருந்தன, பிறகு கறுத்தன. எது பிழைக்கும் எது பிழைக்காது என்று கிழமைக்கணக்காகப் பார்த்துவிட்டு மாசியில் இரண்டு, பங்குனியில் ஒன்று எடுத்தார்கள். பெரியவெள்ளிக்கு நீங்கள் டெலிபோன் எடுத்தபோது கிருமி பிடித்துத் திரும்பவும் படுத்திருந்தார். துணி வெட்டும் வேலை போய்விட்டது.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே நான் எழுத வெளிக்கிட்டேன். இவர் பேனையைப் பிடுங்கினார். “அன்டனுக்குச் சொல்லாதை,” என்றார். “அவன்ர நக்கல் எனக்குப் பழகிப்போச்சு. அவன் எனக்கு இரக்கப்பட்டால் என்னால தாங்கேலாது.”

அண்ணை, நான் சின்ன வயதிலிருந்து உங்களுக்குப் பயந்தவள். நீங்கள் கதைத்தால் அது சரியாய்த்தான் இருக்கும் என்று நினைத்தவள். உங்கள் கடிதங்களை நேற்று வரிசையாக வைத்து வாசித்தேன். இவ்வளவு மலிவான மனுஷனுக்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

நீங்கள் இரண்டாம் தரம் அனுப்பிய தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

றெஜினா

*

ஹரோ
11-07-2004

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஜொய்சிக்கு வாசித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள், இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியாதே, றெஜினா. தெரிந்திருந்தால் ஒரு சொல் எழுதியிருப்பேனா? ஒருவர் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? பேராசிரியர் வீட்டில் நான் சொன்னது ஒரு பகிடி. அந்த நேரம் வாயில் வந்தது. அருமைராசா அதை இவ்வளவு பெரிதாக எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நான் வரப்போகிறேன். ஆவணியில் விடுமுறை இருக்கிறது. அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். இங்கே நல்ல டொக்டர்கள் இருக்கிறார்கள், கூட்டிவந்து காட்டலாம்.

ஒரு சின்ன விஷயம். வின்சன்ட் திரும்பி வந்து இங்கே சொல்லிவிட்டான். கோயிலில் ஆட்கள் என்னைக் கண்டால் கதையை நிறுத்துகிறார்கள். ஐப்பசியில் சபைத் தெரிவு வருகிறது, இம்முறை தலைவராக நிற்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். நீ வின்சன்டுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். விரல்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் மெசினில் போனது, அவர் அன்றைக்குச் சும்மா பகிடிக்குச் சொன்னார் என்று. ஒருவருக்கும் இதனால் நட்டமில்லை. அருமைராசாவுக்கும் அது மரியாதைதானே.

உன் கண்ணீரை மாதா துடைப்பாள். என்னை வெறுக்காதே.

உன் அண்ணன்,
அன்டன்

*

மொன்ட்ரியால்
01-08-2004

அன்டன் மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் இப்போது சுகம். உங்கள் கடிதத்துக்கு றெஜினா மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்துவிட்டா. அதனால் நான் எழுதுகிறேன். இடக்கை இன்னும் படியவில்லை, எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வின்சன்ட் தம்பிக்கு நாங்கள் ஒன்றும் எழுதப்போவதில்லை. மெசினில் போனது என்று நீங்கள் சொல்ல விரும்பினால் சொல்லிக்கொள்ளுங்கள், நான் மறுக்க வரமாட்டேன். அந்த மெசினில் பதினாறு வருடம் நின்றேன். அது என்னை ஒருநாளும் கீறினதில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு கார்டெரி இருக்கிறது, சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடம். அங்கே சமையலுக்கு உதவி. வில்னேரின் மனுஷி அங்கே வேலை செய்கிறா, அவதான் கதைத்து எடுத்துத் தந்தா. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வந்து, விரல் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டது. குளிர் தின்றுவிட்டது என்றேன். ருசியாயிருந்ததா என்று கேட்டது. நானும் சிரித்தேன், சமையற்காரியும் சிரித்தா. அதன் பிறகு வெளியே கூட்டிப்போகும்போது அந்தப் பிள்ளை இந்தக் கையைத்தான் பிடிக்கும். அதற்குப் பிடிக்க இலகுவாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வில்னேர் குடும்பம் இங்கே சாப்பிட வரும். எனக்கு அவருடைய பாஷை கொஞ்சம், அவருக்கு என் பாஷை ஒன்றும் தெரியாது. மீன்குழம்புக்குப் பாஷை தேவையில்லை. றெஜினா சிரிக்கிறா. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நாங்கள் உங்களை நினைத்து அழுதுகொண்டிருக்கிறோம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், கடிதம் வருகிற நாளில் மட்டும்தான் உங்கள் ஞாபகம் வருகிறது.

ஆவணியில் வரலாம். றெஜினாவுக்கு நீங்கள் கூடப்பிறந்தவர், அந்த உறவை நான் வெட்டமாட்டேன். படுக்க இடம் இருக்கிறது, சாப்பிடச் சோறு இருக்கிறது. ஆனால் காலில் விழுகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்று வரவேண்டாம் மச்சான். நீங்கள் கேட்டால் நான் மன்னிக்க வேண்டிவரும். பிறகு லண்டனுக்குப் போய் அதையும் ஒரு விருந்தில் எழும்பி நின்று சொல்வீர்கள். அழுதுகொண்டு சொல்வீர்கள். ஆட்களும் கைதட்டி உங்களைத் தலைவராக்கிவிடுவார்கள்.

ஜொய்சியக்காவின் முழங்காலுக்கு இங்கே றெஜினா பாவிக்கிற தைலம் ஒன்று நல்லது. அவவுக்கு மட்டும் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
அருமைராசா